ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த பிறகு: மலையில் துணைக்கு இருப்பவருக்கான முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் ஒரு மருத்துவமனையின் சர்ஜிகல் வார்டில் 22 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். ஓய்வு பெற்ற மறு வருடமே என் அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுக்க வேண்டி வந்தது. வேறொரு மருத்துவமனையில் நான்கு இரவு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். எதைச் சொன்னால் சிஸ்டர் உடனே எழுந்து வருகிறார், எதைச் சொன்னால் "சரி, பார்க்கிறேன்" என்று போய்விடுகிறார் என்பது அந்த ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இரவு ஷிப்டில் ஒரு சிஸ்டர் கையில் 30 படுக்கைகூட இருக்கும். உங்கள் நோயாளியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே ஆள் நீங்கள்தான். மருந்து கொடுப்பதும் டிரிப்பைத் தொடுவதும் உங்கள் வேலை இல்லை. மாற்றத்தை முதலில் பார்ப்பதும், அதை நேரத்தோடும் அளவோடும் சொல்வதும் உங்கள் வேலை. கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. முந்தின நாள்: யார் இருப்பது, எதை எடுத்துப் போவது

முதலில் ஆட்களை முடிவு செய்யுங்கள். ஒருவரே மூன்று நாளும் இருக்க முடியாது. இரண்டாம் இரவில் கண் சொருகிவிடும். இரண்டு பேராவது மாறி மாறி இருங்கள். பெண்கள் வார்டில் இரவில் ஆண்களை விடமாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆள் மாறும் நேரத்தைப் பகல் 11 மணிக்கு மேல் வையுங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, இரவில் நடந்ததைப் பார்த்தவரே அங்கே இருக்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. மஞ்சூரிலிருந்தோ கூடலூரிலிருந்தோ மாலைப் பேருந்தை நம்பிக் கிளம்புபவர், மழையில் ஒரு மரம் சாய்ந்தாலும் வழியிலேயே நிற்க வேண்டியதுதான். யானையும் காட்டெருமையும் நடமாடும் பாதையில் இருட்டிய பிறகு யாரையும் வரச் சொல்லவும் முடியாது.

பையில் இருக்க வேண்டியவை: இரண்டு கம்பளி, குல்லா, தளர்வான சாக்ஸ், முன்பக்கம் திறக்கும் சட்டை அல்லது நைட்டி, ஃபிளாஸ்க், வழுக்காத செருப்பு, டார்ச், ஒரு நோட்டும் பேனாவும். கண்ணாடி, காது மெஷின், பல்செட் வைக்க மூடியுள்ள டப்பா ஆகியவற்றை மறக்க வேண்டாம். மயக்கம் தெளிந்தவுடன் கண்ணாடியும் காது மெஷினும் கிடைத்தால் வயதானவர்கள் குழம்புவது குறையும்.

வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். "வெள்ளையாய் ஒரு சின்ன மாத்திரை" என்று சொன்னால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும்; ஆபரேஷனில் ரத்தப்போக்கு எவ்வளவு இருக்கும் என்பது அதையும் பொறுத்தது. நாட்டு மருந்து சாப்பிட்டாலும் சொல்லுங்கள். அதற்காக யாரும் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதாக இருந்தால், ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் அட்மிஷன் அன்றே காப்பீட்டு கவுன்டரில் காட்டுங்கள். ஒப்புதல் ஆபரேஷனுக்கு முன்பே வாங்க வேண்டும்.

2. தியேட்டருக்கு அனுப்பும் முன் எழுதி வைக்க வேண்டிய எண்கள்

பிரஷர், நாடித் துடிப்பு, காய்ச்சல் அளவு, விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் அளவு, சர்க்கரை இருந்தால் அதன் அளவு. இவற்றைச் சிஸ்டரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். அவர் நலமாக இருந்தபோது என்ன அளவு என்று தெரிந்தால்தான் பிறகு வருவது கூடுதலா குறைவா என்று சொல்ல முடியும்.

ஆக்சிஜன் அளவுக்கு இது மலையில் மிகவும் அவசியம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால், சமவெளியில் 98 காட்டுகிறவருக்கு இங்கே ஓரிரண்டு புள்ளி குறைவாகக் காட்டலாம். கோயம்புத்தூரில் இருக்கும் மகன் போனில் "95தானா?" என்று பதறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்பே 95 இருந்தவருக்கு 95 என்றால் மாற்றம் இல்லை. 97 இருந்தவர் 91க்கு வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

விரல் சில்லென்று இருந்தாலோ, நகப்பூச்சோ மருதாணியோ இருந்தாலோ அந்தக் கருவி தவறாகக் காட்டலாம். நகப்பூச்சை முந்தின நாளே எடுத்துவிடுங்கள். விரலை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய பிறகு மாட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. படுகு பேசும் பாட்டிமார் பலர் நலமாக இருக்கும்போது நன்றாகத் தமிழ் பேசுவார்கள். மயக்க மருந்து தெளியும் நேரத்தில் தாய்மொழி மட்டும்தான் வரலாம். வலிக்கிறது, தண்ணீர் வேண்டும், சிறுநீர் வருகிறது, குமட்டுகிறது ஆகிய நான்கையும் அவர்கள் எப்படிச் சொல்வார்களோ அப்படியே தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சிஸ்டரிடம் கொடுங்கள். கோத்தர், தோடர், குறும்பர் குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன்.

3. படுக்கைக்கு வந்த முதல் இரண்டு மணி நேரம்

ஸ்ட்ரெச்சரிலிருந்து மாற்றியவுடன் உறவினர் எல்லாரும் சூழ்ந்துகொண்டு "அம்மா, கண்ணைத் திற" என்று உலுக்குவது வழக்கம். தயவுசெய்து ஒருவர் மட்டும் நில்லுங்கள். அந்த நேரத்தில் சிஸ்டர் ஒரே மூச்சில் பிரஷர், நாடி, மூச்சு, காயம், குழாய்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதற்கு இடம் வேண்டும்.

பொதுவாக முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறையும், பிறகு அரை மணிக்கு ஒரு முறையும், அப்புறம் மணிக்கு ஒரு முறையும் பார்ப்பார்கள். ரத்தக் கசிவோ மூச்சுத் தொல்லையோ வந்தால் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் தலைகாட்டும். ஒவ்வொரு முறையும் அளவைக் கேட்டு எழுதுங்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்க வேண்டாம். "நோட்டில் எழுதிக்கொள்கிறேன், சிஸ்டர்" என்று சொன்னால் பெரும்பாலோர் சொல்வார்கள்.

நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டியவை: முகம் வெளுக்கிறதா, நெற்றி குளிர்ந்து வியர்க்கிறதா, காரணம் தெரியாமல் பரபரக்கிறாரா, காயக் கட்டுத் துணியில் ரத்தம் பரவுகிறதா. கட்டுத் துணியில் ரத்தக்கறை தெரிந்தால் அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதச் சொல்லிச் சிஸ்டரிடம் கேளுங்கள். அரை மணி கழித்துக் கறை கோட்டைத் தாண்டியிருந்தால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

உள்ளே ரத்தம் கசிந்தால் முதலில் நாடிதான் வேகமாகும்; பிரஷர் கடைசியில்தான் இறங்கும். "பிரஷர் நார்மல்தான்" என்று சொன்ன பிறகும் நாடி 80லிருந்து 110, 120 என்று ஏறிக்கொண்டே போனால் டியூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

4. குளிர்: வெந்நீர்ப் பை வேண்டாம்

இதைத் தனித் தலைப்பாக எழுதக் காரணம் ஒரு பெரியவர். முதுகில் ஊசி போட்டு ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷன் முடிந்து வந்திருந்தார். டிசம்பர் மாதம். காலைத் தொட்டுப் பார்த்த மகன், அப்பாவுக்குக் குளிருமே என்று டீக்கடையில் வெந்நீர் வாங்கிப் பையில் நிரப்பிப் பாதத்தடியில் வைத்துவிட்டார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாததால் அப்பாவுக்குச் சுட்டது தெரியவில்லை. ஆபரேஷன் காயம் பத்து நாளில் ஆறியது. பாதத்துப் புண் ஆற இரண்டு மாதம் ஆனது. பாசத்தில் செய்தது; அந்த மகன் அழுததை இன்றும் மறக்க முடியவில்லை.

முதுகில் ஊசி போட்டவருக்கு இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் வரை, சில நேரம் அதற்கு மேலும், கால் மரத்திருக்கும். அந்த நேரத்தில் வெந்நீர்ப் பை, சூடாக்கிய செங்கல், ஹீட்டர் எதையும் பக்கத்தில் கொண்டு போகக்கூடாது. சர்க்கரை நோயால் பாதத்தில் ஏற்கனவே உணர்ச்சி குறைந்தவருக்கு எப்போதுமே கூடாது.

மயக்க மருந்துக்குப் பிறகு உடல் நடுங்குவது சகஜம். கம்பளியை இரண்டாகப் போர்த்துங்கள், தலைக்குக் குல்லா, காலுக்குச் சாக்ஸ் போடுங்கள். நனைந்த துணி உடலில் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஈரத்தில்தான் சூடு வேகமாக இறங்கும். பத்து பதினைந்து நிமிடத்தில் நடுக்கம் நிற்காவிட்டால் சொல்லுங்கள், அதற்கு ஊசி உண்டு.

வீட்டுக்குப் போன பிறகும் மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்காதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மருத்துவமனையில் ஆக்சிஜன் ஓடும் இடத்தில் நெருப்பே ஆகாது.

5. தண்ணீர், டீ, கஞ்சி

கண் விழித்ததும் முதலில் கேட்பது தண்ணீர்தான். உதடு காய்ந்து கெஞ்சுவார்கள். "ஒரு வாய்தானே" என்று கொடுத்துவிடுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. மயக்கம் முழுதாகத் தெளியாதபோது குடித்தது வாந்தியாக வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெடும். வயிற்று ஆபரேஷனில் குடல் அசையத் தொடங்காமல் உள்ளே போனது வயிற்றை உப்ப வைக்கும்.

எப்போது கொடுக்கலாம் என்பது ஆபரேஷனைப் பொறுத்தது. சிலருக்குச் சில மணி நேரத்திலேயே கொடுப்பார்கள், குடலைத் தைத்தவருக்கு நாள்கணக்கு ஆகலாம். பக்கத்துப் படுக்கைக்காரர் இட்லி சாப்பிடுகிறார் என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதுவரை சுத்தமான துணியை நனைத்து உதட்டைத் துடையுங்கள், வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள்.

அனுமதி கிடைத்தபின் முதலில் இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர். தலைப்பக்கம் கட்டிலை உயர்த்திய பிறகே கொடுங்கள். அரை மணி பொறுத்து வாந்தி இல்லையென்றால் கொஞ்சம் கூடுதலாக. வயிற்று ஆபரேஷன் என்றால் "காற்று பிரிந்ததா?" என்று டாக்டர் கேட்பார். வெட்கப்பட்டு இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. பிரிந்திருந்தால் நேரத்தோடு சொல்லுங்கள். சாப்பாடு தொடங்குவதை முடிவு செய்ய அதையும் பார்ப்பார்கள்.

6. டிரிப், யூரின் பை, டிரெயின்

டிரிப் வேகத்தைத் திருகிக் கூட்டாதீர்கள். பாட்டில் சீக்கிரம் முடிந்தால் தூங்கலாம் என்று நினைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இதயமோ சிறுநீரகமோ பலவீனமான முதியவருக்கு ஒரேயடியாக நீர் ஏறினால் நுரையீரலில் கோத்துக்கொண்டு மூச்சுத் திணறும். நீங்கள் செய்ய வேண்டியது, பாட்டிலில் கால்வாசி இருக்கும்போதே சொல்வது. முழுதும் காலியான பிறகு சொன்னால் குழாயில் ரத்தம் ஏறி உறைந்துவிடும். மறுபடி ஊசி குத்த வேண்டி வரும்.

ஊசி செருகிய கையை மணிக்கு ஒரு முறை பாருங்கள். வீக்கம், சிவப்பு, எரிச்சல், தொட்டால் கல் போல் இருப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். ஸ்வெட்டர் போட்டு மறைத்துவிட்டால் இதைப் பார்க்க முடியாது. குளிரானாலும் அந்தக் கைச் சட்டையை மட்டும் சுருட்டி வைத்து, மேலே துணி போர்த்துங்கள்.

யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். மடியில் வைத்தால் பையில் இருக்கும் சிறுநீர் திரும்ப உள்ளே போகும், கிருமியோடு. தரையில் படவும் கூடாது. கட்டில் ஓரத்துக் கொக்கியில் மாட்டி, குழாய் தொடைக்கு அடியில் நசுங்காமல் பாருங்கள்.

அக்காவுக்கு முதல் இரவில் இதுதான் நடந்தது. பை நிரம்பவில்லை, எனக்கும் கண் அசந்துவிட்டது. விடியற்காலை 4 மணிக்கு அடிவயிறு வலிக்கிறது என்று அவள் முனகியபோதுதான் குழாய் தொடைக்கு அடியில் மடங்கியிருந்ததைப் பார்த்தேன். அதைச் சரிசெய்த பிறகுதான் அவள் முகம் தளர்ந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் சொல்கிறேன்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பையில் இருக்கும் கோட்டைப் பார்த்து எழுதுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லியாவது சிறுநீர் வர வேண்டும். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி. இரண்டு மணி நேரம் அதற்குக் குறைந்தால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் உடனே சொல்லுங்கள். சிறுநீர்ப்பையில் குழாய் இல்லாதவர், அதுவும் முதுகில் ஊசி போட்டவர், ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் சிறுநீர் கழிக்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் செய்த இடத்தில் சேரும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாய் இருந்தால் அளவையும் நிறத்தையும் எழுதுங்கள். நாளாக ஆக அளவு குறைந்து நிறம் வெளிற வேண்டும். திடீரென்று கெட்டியான சிவப்பாக நிறைந்தாலோ, ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றுவிட்டாலோ காத்திருக்காதீர்கள்.

7. வலி

நம் ஊரில் வலியைப் பொறுப்பது பெருமை. எஸ்டேட்டில் கொழுந்து பறித்து வளர்ந்த பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு "பரவாயில்லை, சிஸ்டர்" என்பார்கள். ஆனால் வலியில் இருப்பவர் ஆழமாக மூச்சு இழுக்கமாட்டார், இருமமாட்டார், புரளமாட்டார், நடக்கமாட்டார். அதனால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும்.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேளுங்கள். படுத்திருக்கும்போது எவ்வளவு, இருமும்போது எவ்வளவு என்று இரண்டாகக் கேட்பது நல்லது. நாலுக்கு மேல் போனால் சொல்லுங்கள். வலி மருந்தை நேரப்படி கொடுப்பது, வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு இறக்குவதைவிட எளிது. அடுத்த டோஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதி வையுங்கள்; நேரம் தாண்டினால் நினைவூட்டுங்கள்.

மருந்து போட்ட பிறகும் வலி கூடிக்கொண்டே போனால், முக்கியமாக வயிறு பலகை மாதிரி இறுகினாலோ, மாவுக்கட்டுப் போட்ட கை கால் விரல் நீலம் பாரித்து மரத்தாலோ, அது சாதாரண வலி இல்லை. கடையில் வாங்கிய வலி மாத்திரையை உங்கள் கையால் கொடுக்க வேண்டாம்.

8. மூச்சு, புரளுதல், முதல் நடை

மூன்று பந்து இருக்கும் பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுப்பார்கள். பத்தில் எட்டுப் பேர் அதை ஊதுகிறார்கள். அதை உள்ளே இழுக்க வேண்டும். மூச்சை மெல்ல வெளியே விட்டு, குழாயை உதட்டால் இறுக்கி, பந்து மேலே நிற்கும்படி நிதானமாக இழுத்து, மூன்று எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. சுருங்கிக் கிடக்கும் நுரையீரலின் அடிப்பகுதி அப்போதுதான் விரியும். குளிரில் வாயைத் திறக்க மனம் வராது. நீங்களும் கூட உட்கார்ந்து எண்ணினால் செய்வார்கள்.

வயிற்றில் காயம் இருந்தால் இருமும்போது ஒரு தலையணையைக் காயத்தின் மேல் இரு கையாலும் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். "தையல் பிரிந்துவிடும்" என்ற பயம் அதிலேயே பாதி போய்விடும்.

எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும். மாற்றும்போது பிட்டத்துக்கு மேலேயும் குதிகாலிலும் பாருங்கள். அழுத்தினால் வெளுக்காத சிவப்பு அங்கே தெரிந்தால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று பொருள்.

பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், மணிக்குப் பத்து முறை. கெண்டைக்கால் வலிக்கிறது என்றால் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அங்கே ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.

டாக்டர் நடக்கச் சொன்ன பிறகு, முதல் நடையைச் சிஸ்டரோ பிசியோதெரபிஸ்டோ கூட இருக்கும்போது செய்யுங்கள். பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழுந்து, கட்டிலோரம் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். தலை சுற்றவில்லை என்றால் மட்டும் நிற்கலாம். முதுகில் ஊசி போட்டவருக்கு உட்கார்ந்தால் தலை பிளப்பதுபோல் வலித்து, படுத்தால் குறைந்தால், அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதற்கு வைத்தியம் உண்டு.

9. முதல் இரவும் இரண்டாம் இரவும்

விழுவது பெரும்பாலும் இரவில்தான், பாத்ரூம் போகும்போது. வெறும் சாக்ஸோடு சில்லிட்ட மொசைக் தரையில் கால் வைத்தால் வழுக்கும். தூங்கப் போகுமுன் ஒரு முறை பாத்ரூம் கூட்டிப்போங்கள், அல்லது பெட்பேன் வையுங்கள். கட்டிலின் கம்பியை ஏற்றிவிட்டு, அவர் கையை உங்கள் கையோடு ஒரு துண்டால் தளர்வாக இணைத்துக்கொண்டால், எழ முயன்றதும் உங்களுக்குத் தெரியும். டிரிப் இல்லாத கையாக இருக்கட்டும்.

70 வயது தாண்டியவர் இரண்டாம் இரவில் திடீரென்று இடம் தெரியாமல் பேசுவது, செத்துப்போனவரைக் கூப்பிடுவது, குழாயைப் பிடுங்குவது உண்டு. பேய் பிடித்தது என்றும் பைத்தியம் என்றும் குடும்பமே உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் இது மருந்தாலோ, உப்புச்சத்து மாறியதாலோ, கிருமித் தொற்றாலோ, சிறுநீர் அடைத்ததாலோ, தூக்கமின்மையாலோ வரும் தற்காலிகக் குழப்பம். கண்ணாடியை மாட்டிவிட்டு, விளக்கைப் போட்டு, அவர் மொழியில் பெயர் சொல்லி, "ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். கூடவே சிஸ்டரிடமும் சொல்லுங்கள். காரணத்தைத் தேட வேண்டியது அவர்கள்.

10. சிஸ்டரிடம் எப்படிச் சொல்வது

"அம்மாவுக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றால் 30 படுக்கைக்காரர் சொல்வதும் அதேதான். "12ஆம் நம்பர் படுக்கை. நேற்றுப் பித்தப்பை ஆபரேஷன். 2 மணிக்கு நாடி 84, இப்போது 112. வியர்க்கிறது. யூரின் இரண்டு மணி நேரமாக 20 மில்லிதான். வந்து பார்க்கிறீர்களா?" என்று சொல்லிப் பாருங்கள். யார், என்ன ஆபரேஷன், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, என்ன வேண்டும். இந்த வரிசையில்தான் நாங்களும் டாக்டரிடம் போனில் சொல்வோம்.

ஷிப்ட் மாறும் நேரம் காலை, மதியம், இரவு என மூன்று முறை வரும். அந்த அரை மணியில் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் போகாமல் விழுந்துவிடக்கூடும். புதிதாக வந்த சிஸ்டரிடம் போய், நிலுவையில் இருப்பதை மட்டும் ஒரே வரியில் சொல்லுங்கள்: "6 மணி ஆன்டிபயாடிக் இன்னும் போடவில்லை, சிஸ்டர்."

கேட்கப்படவில்லை என்றால் படிப்படியாகப் போங்கள். ஸ்டாஃப் நர்ஸ், வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், டியூட்டி டாக்டர், அப்புறம் நர்சிங் சூப்பரின்டெண்டெண்ட் அல்லது ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்). கத்த வேண்டாம். நோட்டைத் திறந்து நேரத்தைக் காட்டுங்கள். மூச்சுத் திணறல், ஓயாத ரத்தம், எழுப்பினாலும் எழாதது ஆகிய மூன்றுக்கும் இந்தப் படி தேவையில்லை. யார் கண்ணில் பட்டாலும் சத்தமாகக் கூப்பிடுங்கள்.

11. கையும் காயமும்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக் குழாய்த் தண்ணீரில் கை வைக்கவே முடியாது. அதனால் கை கழுவுவது குறைந்துவிடுகிறது. சானிடைசர் பாட்டில் ஒன்றைக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிடுங்கள். 20 முதல் 30 வினாடி, விரல் இடுக்கு வரை. கையில் அழுக்கு தெரிந்தாலும் பாத்ரூம் போய் வந்தாலும் சோப்புதான் வேண்டும். அதற்கு ஃபிளாஸ்க் வெந்நீரைக் கலந்துகொள்ளலாம். டிரஸ்ஸிங் செய்ய வருபவர் கையைச் சுத்தம் செய்யவில்லை என்றால், "இந்தாங்க சிஸ்டர், சானிடைசர்" என்று நீட்டினால் போதும். 22 வருடத்தில் அப்படி நீட்டியவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை.

தியேட்டரில் போட்ட கட்டை நீங்கள் பிரிக்க வேண்டாம். மஞ்சள், விபூதி, சாம்பல், தேங்காயெண்ணெய் எதுவும் காயத்தில் படக்கூடாது. முதல் இரண்டு நாளில் லேசான காய்ச்சல் உடம்பின் இயல்பான எதிர்வினையாக இருக்கலாம். மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் வந்து, காயம் சிவந்து சூடாகி, சீழோ நாற்றமோ இருந்தால் தொற்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

12. டிஸ்சார்ஜும் மலைப்பாதையும்

டிஸ்சார்ஜ் சம்மரி கையில் வந்ததும் சிஸ்டரை உட்காரவைத்து நான்கைக் கேளுங்கள்: எந்த மாத்திரை எத்தனை நாள், பழைய மாத்திரைகளில் எதை மறுபடி தொடங்குவது, தையல் என்று பிரிப்பது, எந்த நம்பருக்குக் கூப்பிடுவது. வயிற்றுத் தையல் பொதுவாக ஏழிலிருந்து பத்து நாளில் பிரிப்பார்கள். மூட்டு மேல் இருந்தால் இரண்டு வாரம் ஆகலாம்.

கோயம்புத்தூரில் ஆபரேஷன் முடித்துத் திரும்புகிறவர்களுக்கு மேட்டுப்பாளையம், குன்னூர் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவு பெரிய சோதனை. வளைவில் வாந்தி எடுத்தால் வயிற்றுத் தையல் இழுபடும். கிளம்புமுன் வாந்தி மாத்திரை எழுதித் தரச் சொல்லுங்கள். முன் சீட்டில் உட்காரவைத்து, சீட் பெல்ட்டுக்கும் காயத்துக்கும் நடுவில் சிறு தலையணை வையுங்கள். மணிக்கு ஒரு முறை நிறுத்திப் பாதத்தை ஆட்டச் சொல்லுங்கள். காலையிலேயே கிளம்பினால் இருட்டுமுன் வீட்டில் இருக்கலாம்.

விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால் மலை ஏறவே கூடாது. உயரம் கூடக் கூட அந்த வாயு விரிந்து, கண்ணின் அழுத்தம் ஏறி, பார்வையே போகலாம். வாயுவின் வகையைப் பொறுத்து அது கரைய இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை ஆகும். டாக்டருக்கு உங்கள் வீடு ஊட்டியில் என்று தெரியாமல் இருக்கலாம். அட்மிஷன் போடும்போதே சொல்லிவிட்டு, அதுவரை கீழே தங்க ஏற்பாடு செய்யுங்கள். சாதாரணக் கண்புரை ஆபரேஷனுக்கு இந்தத் தடை இல்லை.

ரோட்டிலிருந்து உங்கள் லைன் வீட்டுக்கு (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) எத்தனை படி, கழிவறை வெளியிலா உள்ளேயா என்பதையும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். இடுப்பு மூட்டு ஆபரேஷன் ஆனவர் 50 படி இறங்கிப்போய்க் குந்தி உட்கார முடியாது. கீழ்ச் சரிவில் வீடு இருப்பவர்கள் ரோட்டோரம் ஒரு உறவினர் வீட்டில் முதல் சில வாரம் இருப்பது நல்லது. படுக்கையிலேயே இருப்பவருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

வேலைக்குத் திரும்புவது பற்றித் தெளிவாகக் கேளுங்கள். வயிற்று ஆபரேஷன், ஹெர்னியா ஆனவர்களுக்குச் சுமார் ஆறு வாரம் கனம் தூக்க வேண்டாம் என்பார்கள். "லேசான வேலை செய்யலாம்" என்று டாக்டர் சொன்னதை, கொழுந்து மூட்டையைத் தலையில் ஏற்றலாம் என்று எடுத்துக்கொண்டு மூன்றாம் வாரமே திரும்பி வந்த பெண்கள் இருக்கிறார்கள். உங்கள் வேலை என்ன, எத்தனை கிலோ தூக்குவீர்கள் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

13. வீட்டிலிருந்து உடனே திரும்ப வேண்டியவை

மூச்சு வாங்குவது அல்லது நெஞ்சு வலி. ஒரு காலில் மட்டும் வீக்கம். காயம் திறந்துகொள்வது, விடாமல் ரத்தம் வருவது. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல். எதுவும் தங்காத வாந்தி, வயிறு உப்பிக் காற்றும் பிரியாமல் இருப்பது. எட்டு மணி நேரம் சிறுநீர் வராதது.

இவற்றில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிடும்போது ஊர்ப் பெயரோடு எஸ்டேட் பெயர், டிவிஷன், பக்கத்தில் இருக்கும் பள்ளி அல்லது கோயில், வண்டி எதுவரை வரும் என்பதையும் சொல்லுங்கள். ஒருவரை டார்ச்சோடு ரோட்டுக்கு அனுப்புங்கள். பனி இறங்கிய இரவில் திருப்பம் தெரியாமல் வண்டி தாண்டிப் போய்விடும். நோட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரை அட்டைகளையும் ஒரே கவரில் போட்டுக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் இப்போதே மாட்டி வைத்துவிடுங்கள்.